ஓசிக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வார்கள்? உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு

திருகோணமலைப் பக்கம், உப்புவெளியில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் சீசன். இரவு எட்டு மணி இருக்கும். கடற்கரைப் பக்கத்து வாசலில் நின்ற ஒரு வெள்ளைக்காரர் என்னைப் பார்த்து, "கேன் ஐ பம் எ ஸ்மோக்?" என்றார். பம் என்றால் பின்பக்கம் என்று பள்ளிக்கூடத்திலேயே பெடியள் சொல்லித் தந்திருந்தார்கள். ஸ்மோக் என்றால் புகை. சரி, இருந்து புகைக்க இடம் கேட்கிறார் என்று முடிவுகட்டி, உள்ளே ஓடிப்போய் குஷன் வைத்த கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டேன். அவர் கதிரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "தேங்க் யூ" என்று சொல்லி இருந்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்து மேசைக்காரரிடம் அதே கேள்வியைக் கேட்டார். அந்த மனிதர் பெட்டியைத் திறந்து ஒரு சிகரெட்டை நீட்டினார். அப்போதுதான் விளங்கியது, என்னிடம் அவர் கேட்டது ஓசிச் சிகரெட்.

ஓலெவல் ஆங்கிலத்தில் 'ப்ளீஸ்', 'மே ஐ' எல்லாம் படித்திருந்தோம். ஓசியில் எப்படிக் கேட்பது, ஓசியில் வாழ்கிறவனை என்னவென்று சொல்வது என்று எந்தப் பாடத்திலும் இல்லை. ஆனால் திருகோணமலையில் மே தொடங்கி செப்டெம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும் காலத்தில், ஹொட்டலிலோ படகிலோ ஓட்டோவிலோ வேலை செய்தால், வருகிறவர்கள் தங்களுக்குள் கதைப்பதில் பாதி இதுதான். யார் காசு கொடுத்தது, யார் கொடுக்கவில்லை, யார் யாருடைய வைஃபையில் தொங்குகிறார்கள். அந்தப் பேச்சு விளங்கினால் வேலை இலகுவாகும். விளங்காமல் நடுவில் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு என்னிடம் இன்னொரு கதை இருக்கிறது. அதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

ஓசி என்ற சொல்லே ஆங்கிலத்திலிருந்து வந்தது என்று ஒரு கதை நெடுங்காலமாக உலவுகிறது. கும்பினி ஆட்சியில் அலுவலகக் கடிதங்களில் 'ஒன் கம்பெனி சேர்விஸ்' என்று குத்தி, தபால் காசு கட்டாமல் அனுப்புவார்களாம், அதன் சுருக்கம்தான் ஓசியாம். உண்மையோ பொய்யோ, கதை நல்லாயிருக்கிறது.

முதல் படி: கொடுக்கிறவன் யார், வாங்குகிறவன் யார்

நம்மில் அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். தமிழில் கடன் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, கடன் கொடு, கடன் வாங்கு என்று பின்னால் வருவதை மாற்றிவிடுவோம். ஆங்கிலத்தில் சொல்லே வேறு. 'லெண்ட்' என்றால் கொடுப்பது, 'பொறோ' என்றால் வாங்குவது. "பொறோ மீ யுவர் பென்" என்று சொன்னால் கேட்கிறவருக்கு விளங்கும், ஆனால் காதில் கல்லு கடிபடும். "கேன் ஐ பொறோ யுவர் பென்?" அல்லது "கேன் யூ லெண்ட் மீ யுவர் பென்?" இந்த இரண்டையும் ஒரு வாரம் வாய்க்குள் சொல்லிப் பாருங்கள். இது பழகாமல் மற்றச் சொற்களுக்குப் போக வேண்டாம்.

ஒரு தந்திரமும் இருக்கிறது. "கேன் ஐ பொறோ எ சிகரெட்?" என்று யாராவது கேட்டால் அந்தச் சிகரெட் திரும்பி வராது. ஒரு தாள், ஒரு நெருப்புக்குச்சி, ஒரு வாய் தண்ணீர் எல்லாம் இப்படித்தான். நம்மிடமும் "பிறகு தாறன் மச்சான்" என்று ஒரு பேச்சு உண்டே, அதே சங்கதி. கேட்பதற்கு ஒரு மரியாதை வேண்டும் என்பதற்காகக் கடன் என்ற உடுப்பைப் போட்டுவிட்டிருக்கிறார்கள்.

இரண்டாம் படி: சின்ன ஓசி

சிகரெட், ஒரு சில்லறை, பஸ் வரை ஒரு லிஃப்ட், போனுக்குக் கொஞ்சம் சார்ஜ். இந்த அளவுக்கு மூன்று சொற்கள் போதும்: பம், கெஜ், ஸ்கிரௌஞ். எழுத்துக்கூட்டலையும் சொல்கிறேன், கேட்ட சொல்லை அகராதியில் தேட முடியாமல் நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம்.

பம், எழுத்துக்கூட்டினால் பி-யூ-எம். பின்பக்கம் என்று பெடியள் சொன்னதும் சரிதான், அது பிரித்தானியரின் வழக்கு. அமெரிக்கர்களுக்கு பம் என்றால் வேலைவெட்டி இல்லாமல் அலைகிறவன். அவன் செய்கிற காரியம் கேட்டு வாங்குவது என்பதால் அதுவே வினைச்சொல்லாகவும் ஆகிவிட்டது. இன்றைக்கு அமெரிக்கர், பிரித்தானியர் என்றில்லாமல் எல்லாரும் "பம் எ சிகரெட்" என்கிறார்கள். பிரித்தானியர் சிகரெட்டுக்குச் சொல்கிற 'ஃபேக்' என்ற சொல்லை மட்டும் நீங்கள் தொடவே வேண்டாம். அமெரிக்கர் காதில் அது ஓரினச் சேர்க்கையாளரை இழிவுபடுத்தும் வசை.

கெஜ் என்பது சி-ஏ-டி-ஜி-ஈ. நடுவில் இருக்கிற டி தனியாகக் கேட்காது. பாடசாலைச் சட்டையில் குத்துகிற பெட்ஜின் முதல் எழுத்தை மட்டும் மாற்றிய ஓசை. எனக்கு இந்தச் சொல்லில் ஒரு தனிப் பிரியம். ஸ்கொட்லாந்துப் பக்கத்தில் கெஜர் என்றால் பண்ணை பண்ணையாகப் போய் முட்டை, வெண்ணெய், கோழி என்று வாங்கிப் பட்டணத்தில் விற்கிற வியாபாரி. நம்மூரில் விடியற்காலையில் ஹோர்ன் அடித்துக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் மீன் பெட்டி கட்டி வருகிறாரே, அவர் மாதிரி ஓர் ஆள். வாசல் வாசலாகப் போகிற பிழைப்பு என்பதால் காலப்போக்கில் அந்தப் பெயர் வாசல் வாசலாகக் கேட்டு வாங்குகிறவன் மேல் ஏறிவிட்டது. இன்றைக்கு "கெஜ் எ லிஃப்ட்" என்றால் யாருடைய வாகனத்திலாவது தொற்றிக்கொண்டு போவது. பிரித்தானியரிடம்தான் அதிகம் கேட்பீர்கள்.

ஸ்கிரௌஞ் என்பது எஸ்-சி-ஆர்-ஓ-யூ-என்-ஜி-ஈ. இது கொஞ்சம் தேடல் கலந்த ஓசி. அங்கே இங்கே துழாவி, கேட்டு, சில நேரம் கேட்காமலும் எடுத்து, ஒரு பொருளை எப்படியோ ஒப்பேற்றுவது. இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் இருந்த ஒரு சொல், முதலாம் உலகப் போரில் பிரித்தானியச் சிப்பாய்களின் வாயில் ஏறி உலகமெங்கும் போனது. திருகோணமலைத் துறைமுகம் 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாக இருந்தது. படை முகாம் என்றால் ஸ்கிரௌஞ் இல்லாமலா? ஆணி, பலகை, ஒரு துண்டுக் கயிறு, ஸ்டோரில் கேட்டால் நாலு பேப்பர் நிரப்ப வேண்டும், பக்கத்துக் கொட்டிலில் துழாவினால் ரெண்டு நிமிடம். நம் படகுக்காரர்களுக்கு இந்தச் சொல்லை விளக்கவே தேவையில்லை.

இந்த மூன்றையும் உங்களைப் பற்றி நீங்களே சொன்னால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். "ஐ கெஜ்ட் எ லிஃப்ட் டு நிலாவெளி" என்று சிரித்துக்கொண்டு சொல்லலாம்.

மூன்றாம் படி: பெரிய ஓசி

ஒரு சிகரெட்டோடு முடியாத ஓசி இருக்கிறது. மாதக்கணக்கில் அண்ணன் வீட்டில் இருந்து சாப்பிடுவது, எல்லாப் பயணத்துக்கும் கூட்டாளியின் காசில் வருவது. இதற்கு வேறு சொற்கள்.

ஸ்பஞ், எஸ்-பி-ஓ-என்-ஜி-ஈ. பாத்திரம் கழுவுகிற ஸ்பொஞ்தான், ஆனால் வாயில் வரும்போது ஸ்பஞ். புறாத்தீவுக்குப் போய்த் தண்ணீருக்குள் முகத்தை வைத்துப் பார்த்தால் பவளப் பாறைகளுக்கு இடையில் உயிருள்ள கடற்பஞ்சும் தெரியும். இருந்த இடத்திலேயே இருந்து, வருகிற தண்ணீரிலிருந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். ஒருவன் மற்றவனின் காசை அப்படி உறிஞ்சுவதைச் சொல்ல இந்தச் சொல் 300 ஆண்டுகளுக்கு மேலாக ஆங்கிலத்தில் இருக்கிறது.

லீச், எல்-ஈ-ஈ-சி-எச். அட்டை. இதற்கு விளக்கம் வேண்டாம்.

மூச், எம்-ஓ-ஓ-சி-எச். இது அமெரிக்கச் சொல்லாகத்தான் அதிகம் காதில் விழும். அட்டையை விட மென்மை, பம்மை விடப் பெரிது. கூட்டாளியின் சாப்பாட்டில் கை வைப்பது, பக்கத்து வீட்டு வைஃபையில் படம் பார்ப்பது, தம்பியின் பாஸ்வேர்டில் தொடர் பார்ப்பது. "ஹீ இஸ் மூச்சிங் ஒஃப் மை வைஃபை." நம் காதுக்கு மூச்சு என்று கேட்கும், அதுவே ஞாபகம் வைக்கவும் உதவும்: அடுத்தவன் காசில் மூச்சு விடுகிறவன்.

ஃப்ரீலோட், ஃப்ரீ என்றும் லோட் என்றும் இரண்டு சொல்லை ஒட்டியது. இதுவும் அமெரிக்காவில் பிறந்தது, 20ஆம் நூற்றாண்டுச் சரக்கு. சாப்பாடு, குடி, தங்குமிடம் மூன்றையும் சேர்த்து அனுபவித்துவிட்டுக் காசு கொடுக்காமல் இருப்பதற்கு இதுதான் பொதுச்சொல். நம் தண்டச்சோறு என்பதற்குக் கிட்டத்தட்ட இதைப் போடலாம், ஆனால் தண்டச்சோற்றில் இருக்கிற அந்த வேலைக்குப் போகாத குற்றச்சாட்டு இதில் கட்டாயம் இல்லை. கை நிறையச் சம்பளம் வாங்குகிறவனும் ஃப்ரீலோடர் ஆகலாம்.

இந்த நான்கையும் கட்டிப்போடுகிற ஒரு சின்னச் சொல் இருக்கிறது, ஒஃப், ஓ-எஃப்-எஃப். ஸ்விட்சை நிறுத்துகிற அதே ஒஃப். ஸ்பஞ் ஒஃப், லீச் ஒஃப், மூச் ஒஃப், ஃப்ரீலோட் ஒஃப். யாரிடமிருந்து என்று தமிழில் யோசித்து 'ஃப்ரம்' போட்டால் சின்ன ஓசிக்குப் பரவாயில்லை, கெஜ் ஃப்ரம் என்றும் சொல்கிறார்கள். பெரிய ஓசிக்கு ஒஃப்தான் பொருந்தும். "ஹீ ஸ்பஞ்ஜஸ் ஒஃப் ஹிஸ் பேரண்ட்ஸ்." அம்மா அப்பாவின் முதுகில் இருந்து சுரண்டுகிறான் என்று ஒரு படம் மனதில் வந்தால் ஒஃப் தானாக வரும்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கேள்வி உங்களிடமும் வரும். கோணேசர் கோவிலுக்குப் போன ஒரு வயதான தம்பதி, அங்கே அன்னதானத்தில் கூப்பிட்டார்களாம், சாப்பிடாமல் வந்துவிட்டார்களாம். "வீ டிட்ன்ட் வோண்ட் டு ஃப்ரீலோட்" என்று என்னிடம் சொன்னார்கள். அவர்கள் நல்ல மனதோடுதான் மறுத்திருக்கிறார்கள். நான் சொன்னேன், அன்னதானத்தில் போய் இருக்கிறவர் ஓசிக்காரர் இல்லை, அவர் வந்து இருந்தால்தான் கொடுக்கிறவருக்குப் புண்ணியம். வெசாக்குக்கு வீதியில் போடுகிற தன்சலும் அப்படித்தான். ஃப்ரீலோட் என்ற சொல்லுக்குள் கொடுக்கிறவனின் எரிச்சல் இருக்கிறது, கொடுக்கிறவனுக்கு எரிச்சல் இல்லாத இடத்தில் அந்தச் சொல்லுக்கு வேலையே இல்லை. அடுத்த நாள் அவர்கள் மறுபடி போனார்கள். சாம்பாரில் உறைப்பு என்று முறைப்பாடு வந்தது.

ஆங்கிலத்தில் 'பரசைட்' என்ற சொல்லும் இந்தப் பக்கம் வந்து போகும். ஒட்டுண்ணி. மூலம் கிரேக்கம்: பக்கத்தில் என்று ஒரு சொல், தானியம் அல்லது உணவு என்று ஒரு சொல். பக்கத்தில் இருந்து உண்பவன். பழைய கிரேக்கத்தில் கோவில் விருந்தில் உண்ணும் உரிமை உள்ளவருக்கு அது மரியாதையான பெயராகவே இருந்திருக்கிறது. பிறகு பணக்காரன் வீட்டுப் பந்தியில் முகஸ்துதி சொல்லிச் சாப்பிடுகிறவனுக்கு ஆகி, கடைசியில் உயிரியல் புத்தகத்துக்குப் போய்விட்டது. மனிதரைப் பார்த்து இதைச் சொன்னால் அடிபிடிதான்.

நான்காம் படி: வினைச்சொல்லோடு நில்லுங்கள்

மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். நான் சொல்வதாகச் சொன்ன கதை இதுதான்.

ஒரு அக்காவும் தம்பியும் ஒரு வாரம் தங்கியிருந்தார்கள். முதல் நாள் காலை, இடியப்பத்தையும் சொதியையும் மேசையில் வைக்கும்போது தம்பிக்காரன் என்னிடம் சிரித்துக்கொண்டு, "ஐ ஆம் ஜஸ்ட் ஃப்ரீலோடிங் ஒஃப் மை சிஸ்டர்" என்றான். அக்காவும் சிரித்தாள். எனக்கு ஒரு புதுச் சொல் கிடைத்த சந்தோஷம். லாச்சியில் இருந்த கொப்பியில் எழுதி வைத்தேன். நாலாம் நாள் அக்கா மட்டும் வந்து கணக்குக் கேட்டாள். நான் நெருக்கம் காட்டுகிறேன் என்று நினைத்து, "வேர் இஸ் த ஃப்ரீலோடர்?" என்றேன். முகம் அப்படியே இறுகிவிட்டது. "ஹீ லொஸ்ட் ஹிஸ் ஜொப் திஸ் இயர்" என்று மட்டும் சொன்னாள். மிச்சக் காசை எண்ணிக் கொடுக்கும்போது என் கை நடுங்கியது இப்போதும் ஞாபகம்.

அதே சொல்தான். அவன் சொன்னபோது சிரிப்பு, நான் சொன்னபோது ஏச்சு. இரண்டு வித்தியாசம் இருந்தது. அவன் தன்னைப் பற்றிச் சொன்னான், நான் இன்னொருவரைப் பற்றிச் சொன்னேன். அவன் வினைச்சொல்லாகச் சொன்னான், நான் கடைசியில் அர் போட்டு ஆளுக்குப் பெயராக்கிவிட்டேன். ஃப்ரீலோடிங் என்றால் இந்த ஒரு பயணத்தில் செய்கிற காரியம், ஃப்ரீலோடர் என்றால் ஆளே அப்படி. ஸ்கிரௌஞ், ஸ்கிரௌஞ்சர். ஸ்பஞ், ஸ்பஞ்சர். மூச், மூச்சர். எல்லாவற்றிலும் இதே கதைதான். தமிழிலும் யோசித்துப் பாருங்கள். "இண்டைக்கு ஓசிச் சாப்பாடு" என்று நான் சொன்னால் பகிடி. "நீ ஒரு ஓசிக்காரன்" என்று ஒருவர் என்னிடம் சொன்னால், அன்றோடு அவர் வீட்டுப் பக்கம் போக மாட்டேன்.

அர் போட்ட சொற்களைக் காது மட்டும் வைத்துக்கொள்ளட்டும், வாய்க்கு வேண்டாம்.

ஐந்தாம் படி: எந்த நாட்டுக்காரர் என்று பாருங்கள்

பம் பற்றிச் சொல்லிவிட்டேன். மூச்சிலும் ஒரு குழி இருக்கிறது. பிரித்தானியர் "மூச் அரௌண்ட்" என்றால் ஓசி இல்லை, வேலை இல்லாமல் சும்மா அங்கே இங்கே உலாவுவது. "வீ மூச்ட் அரௌண்ட் த மார்க்கெட்" என்று ஒரு லண்டன்காரி சொன்னால், சந்தையில் யாரிடமும் ஓசி வாங்கவில்லை, வேடிக்கை பார்த்துக்கொண்டு நடந்திருக்கிறாள்.

அவுஸ்திரேலியருக்குத் தனிச் சொல், ப்ளட்ஜ், பி-எல்-யூ-டி-ஜி-ஈ. தடி என்று பொருள்படும் ஒரு சொல்லில் இருந்து வந்தது. முதலில் தடியோடு திரிகிற ரவுடிக்கும், பிறகு பெண்களின் உழைப்பில் வாழ்கிற தரகனுக்கும் பெயராக இருந்து, இன்றைக்கு வேலைக்குக் கள்ளம் அடிக்கிறவன், அடுத்தவன் உழைப்பில் காலம் ஓட்டுகிறவன் என்ற அளவில் நிற்கிறது. அரச உதவிப் பணத்தில் வாழ்கிறவரை 'டோல் ப்ளட்ஜர்' என்று அங்கே ஏசுவார்கள். கோபமான அரசியல் சொல், நீங்கள் ஒதுங்கியே இருங்கள்.

பெக்பேக்கர் என்று இன்னொரு சொல். முதுகில் பை போட்டு வருகிறவர் பேக்பேக்கர். முதல் எழுத்தில் நெடிலைக் குறிலாக்கினால் பிச்சை வந்துவிடும். வசதியான நாட்டில் இருந்து ஆசியாவுக்கு வந்து, வீதியில் இருந்து தபாலட்டை விற்றோ பாட்டுப் பாடியோ பயணக் காசு சேர்க்கிறவர்களுக்கு வைத்த கேலிப் பெயர் இது. விருந்தாளி ஒருவர் பேக்பேக்கர் என்றால் உங்கள் உச்சரிப்பைக் கவனமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: காசு யார் கொடுப்பது

நம்மூரில் கூப்பிட்டவர்தான் காசு கொடுப்பார். தேத்தண்ணிக் கடையில் ரெண்டு பேர் கல்லாவுக்கு முன்னால் "விடு மச்சான், நான் குடுக்கிறன்" என்று கையைப் பிடித்து இழுபடுவது மரியாதை. வருகிறவர்களிடம் இதற்கென்று ஒழுங்கு இருக்கிறது, அந்த ஒழுங்கை மீறுகிறவனைத்தான் மேலே சொன்ன சொற்களால் ஏசுகிறார்கள்.

பிரித்தானியர் நாலைந்து பேர் குடிக்க இருந்தால் 'ரவுண்ட்' முறை. ஒருவர் எழும்பி எல்லாருக்கும் வாங்குவார், அடுத்த சுற்று அடுத்தவர். "இட்ஸ் யுவர் ரவுண்ட்" என்றால் உன் முறை வந்துவிட்டது. முறை வரும் நேரம் பார்த்துக் கழிவறைக்குப் போகிற ஆள் ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். பில் வரும்போது கை கழுவப் போகிறவரை நமக்கும் தெரியும்தானே. அவுஸ்திரேலியர் இதையே "மை ஷவுட்" என்பார்கள். சத்தம் போடப் போகிறார் என்று பயந்து பின்வாங்காதீர்கள், காசு கொடுக்கப் போகிறார். "மை ட்ரீட்", "இட்ஸ் ஒன் மீ" என்பவையும் அதேதான்.

"லெட்ஸ் கோ டச்" என்றால் அவரவர் காசு அவரவர். டச் பே கடற்கரைக்குப் போகலாம் என்று விளங்கிக்கொண்டு வழி காட்டிய ஓட்டோ அண்ணை ஒருவரை எனக்குத் தெரியும். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் கடலில் மோதிக்கொண்ட காலத்தில் தொடங்கி, ஆங்கிலத்தில் டச் என்று ஆரம்பிக்கிற நையாண்டிச் சொற்கள் பல வந்தன. விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு உன் காசை நீயே கொடு என்பதை 'டச் ட்ரீட்' என்றார்கள், ஒல்லாந்தர் கஞ்சர்கள் என்ற குத்தல். திருகோணமலைக் கோட்டையை 1639இல் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தவர்களும் அவர்கள்தான், 1795இல் ஆங்கிலேயரிடம் பறிகொடுத்தவர்களும் அவர்கள்தான். நெதர்லாந்துக்காரர் மேசையில் இருந்தால் "ஸ்ப்ளிட் த பில்?" என்று கேளுங்கள், வம்பில்லை.

கஞ்சனுக்கும் ஓசிக்காரனுக்கும் ஆங்கிலத்தில் வேறு வேறு சொல். 'ஸ்டிஞ்ஜி', 'டைட்', 'சீப்ஸ்கேட்' எல்லாம் எச்சில் கையால் காகம் விரட்டாத ஆள். அவர் தன் காசைத் தொட மாட்டார், உங்கள் காசையும் கேட்க மாட்டார். 'ஸ்கின்ட்', 'ப்ரோக்' என்றால் கையில் உண்மையிலேயே இல்லை, பாவம். சாப்பிட்டுவிட்டுக் காசு கொடுக்காமல் ஓடினால் 'டூ எ ரன்னர்' என்பார்கள், அது ஓசி இல்லை, களவு, முதலாளியிடம் சொல்ல வேண்டியது.

"ஒன் த ஹவுஸ்" என்றால் கடைக் கணக்கில், விருந்தாளிக்கு இலவசம். முதலாளி சொல்லாமல் உங்கள் வாயில் வரக்கூடாத சொல். என் ரெண்டாவது சீசனில் ஒரு மாம்பழ ஜூஸுக்கு அது வந்துவிட்டது, சம்பளத்தில் கழிந்தது.

"தேர் இஸ் நோ சச் திங் எஸ் எ ஃப்ரீ லஞ்ச்" என்று ஒரு பழமொழியும் கேட்பீர்கள். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கச் சாராயக் கடைகளில் குடிக்க வருகிறவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு இலவசம் என்று போர்ட் போட்டார்கள். சாப்பாட்டில் உப்பு தூக்கலாக இருக்கும், தாகம் எடுக்கும், இன்னும் ரெண்டு கிளாஸ் போகும். சோழியன் குடுமி சும்மா ஆடுமா என்று நாங்கள் கேட்பதும் இதைத்தான்.

ஏழாம் படி: சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் விழுகிற குழிகள்

"ஆர் யூ டேக்கிங் மீ ஃபோர் எ ரைட்?" கோட்டைக்கு முன்னால் ஒரு பெண்மணி ஓட்டோ வாடகை கேட்டுவிட்டு இப்படிச் சொன்னார். ஓட்டோக்காரர் பல் தெரியச் சிரித்து, "யெஸ் மேடம், கம், கம்" என்றார். அவர் கேட்டது, என்னை ஏமாற்றுகிறாயா என்று. 'ஃப்ரீ ரைட்' என்றால் மட்டும்தான் ஓசி. காசு கட்டாமல் பயன் அனுபவிக்கிறவரைப் பொருளாதாரப் பாடத்தில் ஃப்ரீ ரைடர் என்று படித்திருப்பீர்கள், அதே சொல்.

"கேன் யூ த்ரோ இன் ப்ரெக்ஃபஸ்ட்?" காலைச் சாப்பாட்டை எறியச் சொல்லவில்லை, அறை வாடகைக்குள்ளேயே சேர்த்துத் தருவீர்களா என்று கேட்கிறார். இது ஓசி கேட்பதில் சேராது, பேரம். பதில் சொல்ல உங்களுக்கு அதிகாரம் இல்லாவிட்டால் முதலாளியைக் கூப்பிடுங்கள்.

"கேன் ஐ க்ரேஷ் எட் யுவர் ப்ளேஸ்?" விபத்து ஒன்றும் இல்லை. ஒரு இரவு உங்கள் வீட்டில் படுக்கலாமா என்று கேட்கிறார். பாய் போதும் என்ற தொனி. கூப்பிடாத கல்யாணத்துக்குள் நுழைவது 'கேட்க்ரேஷ்', படலையை உடைத்துக்கொண்டு வருகிற மாதிரி. க்ரேஷ் பண்ணியவர் நாலு நாளாகியும் கிளம்பாவிட்டால் 'அவுட்ஸ்டே யுவர் வெல்கம்'. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம் பாட்டிமார் சொன்னதை ஆங்கிலேயர் மீனை வைத்துச் சொல்வார்கள், மூன்று நாளில் மீனும் விருந்தாளியும் மணக்கும் என்று. திருகோணமலையில் மீனை மூன்று நாள் வைத்துப் பார்க்கிறவர் யார், அதுதான் எனக்கு விளங்கவில்லை.

கடைசிப் படி: உங்களிடம் கேட்டால்

சொற்களைப் படித்தாகிவிட்டது, இனி யாராவது உங்களிடம் ஒன்றைப் பம் பண்ணக் கேட்பார்கள். கொடுக்க விருப்பம் என்றால் "ஷுவர், ஹெல்ப் யுவர்செல்ஃப்". உனக்கு நீயே உதவி செய் என்று ஏசுவதில்லை, தாராளமாக எடுங்கள் என்பது. "பி மை கெஸ்ட்" என்பதும் அதேதான், ஆனால் கெஸ்ட் ஹவுஸ் வரவேற்பு மேசையில் நின்றுகொண்டு அதைச் சொன்னால் சிலர் ரெண்டு தரம் யோசிப்பார்கள். கொடுக்க இல்லை என்றால் "சொறி, லாஸ்ட் வன்". கடைசி ஒன்றுதான் இருக்கிறது என்றால் எந்த நாட்டுக்காரரும் மேலே கேட்க மாட்டார், சிகரெட் பெட்டி நிறைய இருந்தாலும் சரி.

வேலை இடத்தில் நீங்கள் மட்டும் விருந்தாளியிடம் எதையும் பம் பண்ண வேண்டாம். வெளியில், கடற்கரையில், சமவயதுக்காரர் என்றால் வேறு கதை. சைக்கிள் பம்பு, பவர் பேங்க், நிலாவெளிக்கு ஒரு லிஃப்ட், "மைண்ட் இஃப் ஐ கெஜ் எ லிஃப்ட்?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பிரித்தானியராக இருந்தால் இந்தச் சொல் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று ஆச்சரியப்பட்டே ஏற்றிக்கொள்வார். எனக்கு ஏற்றிக்கொண்டார்கள். இறங்கும்போது பெற்றோலுக்குக் காசு நீட்டினேன், வாங்கவில்லை.